அறுபதுக்குப் பிறகும் ஓட்டப் பந்தயம்

'ஆசை அறுபது நாள், மோகம் முப்பது நாள்' என்று பெரியவர்கள் சொல்லி வைத்தது ஓட்டப் பயிற்சிக்கும் பொருந்தும். ஜனவரியில் மும்பை மாரத்தான் முடிந்த மறு வாரம் மாட்டுங்கா, வடாலா பக்கம் விடியற்காலையில் வந்து பாருங்கள். புது ஷூக்கள் பளபளக்கும். ஹோலிப் பண்டிகை வருவதற்குள் அவற்றில் பாதி கட்டிலுக்கு அடியில் போய்ச் சேர்ந்துவிடும். இளைஞர்களுக்கே இந்தக் கதி என்றால், பென்ஷன் வாங்குகிறவன் வருஷக்கணக்காக ஓடுவதும், அதிலும் பந்தயத்தில் ஓடுவதும் எப்படிச் சாத்தியம்?

நம் சங்கத்து நண்பர்கள் பலர் என்னிடம் இதைத்தான் கேட்கிறார்கள். எத்தனை கிலோமீட்டர், எந்த ஷூ, என்ன சாப்பாடு என்பதெல்லாம் பிறகு. "மனசு எப்படி சார் வருகிறது?" என்பதே முதல் கேள்வி. நின்று பதில் சொல்ல நேரம் கிடைப்பதில்லை. ஆகவே ஆசிரியரின் அனுமதியுடன் இந்தப் பக்கங்களில் எழுதுகிறேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி. சொந்த ஊர் திருநெல்வேலிச் சீமை. சிவில் டிப்ளமா முடித்து, 1981-ல் மத்திய ரயில்வேயில் சேர்ந்தேன். தண்டவாளப் பாதையைப் பராமரிக்கும் வேலை. அந்த நாளில் பி.டபிள்யூ.ஐ. என்பார்கள். புசாவல், இகத்புரி, கல்யாண் என்று சுற்றி, 2018-ல் ஓய்வு பெற்றேன். இப்போது வயது 67. ஓடத் தொடங்கியது ஐம்பதைத் தாண்டிய பிறகுதான். ரத்தத்தில் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று டாக்டர் சொன்னார்; நடக்கத் தொடங்கினேன்; நடை ஓட்டமாயிற்று; ஓட்டம் பந்தயமாயிற்று. பள்ளியிலோ பாலிடெக்னிக்கிலோ ஒரு கோப்பையும் வாங்கியவனல்ல.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. உத்தியோக காலத்தில் புஷ் டிராலியில் உட்கார்ந்து பாதையைப் பார்வையிட்டுக்கொண்டு போவேன். பின்னால் இரண்டு டிராலிமேன்கள் தண்டவாளத்தின் மேலேயே கால் வைத்து ஓடித் தள்ளுவார்கள். இரண்டரை அங்குல அகல இரும்பின் மேல், மே மாத வெயிலில், தவறாமல் அடி எடுத்து வைப்பார்கள். களைத்தவர் ஏறி உட்கார, மற்றவர் இறங்கித் தள்ளுவார். அவர்களை யாரும் ஓட்ட வீரர்கள் என்று சொன்னதில்லை. நான் பார்த்த முதல் நல்ல ஓட்டக்காரர்கள் அவர்களே.

கடிகாரம் சொல்லும் கசப்பு

வயதான ஓட்டக்காரனின் சங்கடத்தை முதலில் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். இளைஞன் பயிற்சி செய்தால் வேகம் கூடும். அடுத்த வருஷம் இன்னும் கூடும். அந்த முன்னேற்றமே அவனைக் காலையில் எழுப்பிவிடும். நமக்கோ எவ்வளவு பயிற்சி செய்தாலும் கடிகாரம் ஒரே திசையில்தான் நகர்கிறது.

என் கணக்கையே பாருங்கள். அரை மாரத்தான் என்பது 21 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். 2013 ஜனவரியில், 54 வயதில், 1 மணி 51 நிமிஷத்தில் ஓடினேன். அதுவே என் வாழ்நாளின் சிறந்த நேரம். 2019-ல் 1 மணி 58 நிமிஷம். 2025-ல் 2 மணி 7 நிமிஷம். 54 வயதில் செய்ததை இனி ஒருநாளும் செய்யப்போவதில்லை. இது சோம்பலால் வந்ததல்ல, உடம்பின் இயற்கை.

இதயம் நிமிஷத்துக்கு அதிகபட்சம் எத்தனை முறை துடிக்க முடியும் என்பது வயதோடு குறைகிறது. 208-லிருந்து வயதின் பத்தில் ஏழு பங்கைக் கழித்தால் உத்தேசமான எண் கிடைக்கும் என்பது 2001-ல் வெளியான ஆராய்ச்சி. அதன்படி 30 வயதுக்காரருக்கு 187, எனக்கு 161. எவ்வளவு பயிற்சி செய்தாலும் இந்தச் சரிவை நிறுத்த முடியாது. கூடவே தசை குறைகிறது. அதிலும் வேகத்துக்கான தசை நார்கள்தான் முதலில் மெலிகின்றன. இளமையில் ஒரு கடினமான ஓட்டத்தின் அலுப்பு மறுநாளே தீர்ந்துவிடும். இப்போது மூன்று நாள் ஆகிறது.

ஆனால், ஓடாமல் உட்கார்ந்திருப்பவருக்கு இந்தச் சரிவு இன்னும் செங்குத்தானது. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தார் 1984-ல் ஓர் ஆய்வு தொடங்கினார்கள். ஐம்பது வயதைத் தாண்டிய ஓட்டக் கழக உறுப்பினர்கள் 538 பேர், ஓடாதவர்கள் 423 பேர். 19 ஆண்டு கழித்துப் பார்த்தபோது ஓடியவர்களில் 15 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள். மற்றவர்களில் 34 சதவீதம். உட்கார, எழ, நடக்க வரும் கஷ்டங்களும் ஓடியவர்களுக்குப் பல வருஷம் தள்ளியே வந்தன. ஆரோக்கியமானவர்கள்தானே ஓட வருகிறார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆய்வாளர்களும் அதைக் கணக்கில் எடுத்துத்தான் பார்த்தார்கள். அப்போதும் வித்தியாசம் இருந்தது.

இருந்தாலும், "ஆரோக்கியத்துக்காக ஓடுகிறேன்" என்ற காரணம் என்னை ஐந்து மணிக்கு எழுப்பாது. ஆரோக்கியத்துக்கு நடையே போதும். பந்தயம் ஓடுவதற்கு வேறு காரணம் வேண்டும். அதைத் தேடிக் கண்டுபிடித்ததைத்தான் இனி சொல்லப்போகிறேன்.

ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை இளைஞன்

மூத்தோர் தடகளம் என்று ஒன்று இருப்பது நம்மில் பலருக்குத் தெரியாது. 'மாஸ்டர்ஸ்' என்கிறார்கள், முன்பு 'வெட்டரன்ஸ்' என்றார்கள். இதன் முதல் உலகப் போட்டி 1975-ல் கனடாவில் டொராண்டோ நகரில் நடந்தது. ஆணும் பெண்ணும் 35 வயதிலிருந்து சேரலாம். ஐந்தைந்து வயதாகப் பிரிவு: 60-லிருந்து 64 ஒரு பிரிவு, 65-லிருந்து 69 அடுத்த பிரிவு, இப்படியே நூறையும் தாண்டிப் போகும். நம் நாட்டிலும் மாவட்டம், மாநிலம், தேசிய அளவில் இந்தப் போட்டிகள் நடக்கின்றன.

இந்த ஏற்பாட்டின் அருமை அனுபவித்தால்தான் தெரியும். 64 வயதில் என் பிரிவில் நானே கிழவன். 60 வயதுப் பையன்கள் (ஆமாம், பையன்கள்தான்!) என்னைத் தாண்டிப் போனார்கள். 65 முடிந்ததும் அடுத்த பிரிவில் நானே இளையவன். பிறந்த நாளை எதிர்பார்த்துக் காத்திருக்கும் வயோதிகர்களை நீங்கள் வேறெங்கும் பார்க்க முடியாது. "எனக்கு எப்போது எழுபது ஆகும்?" என்று 69 வயதுக்காரர் கவலைப்படுவதை நான் காதால் கேட்டிருக்கிறேன்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. அந்தந்த வயதில் உலகத்திலேயே வேகமாக ஓடக்கூடிய நேரம் இவ்வளவு என்று ஒரு அட்டவணை போட்டிருக்கிறார்கள். நம் நேரத்தை அதோடு ஒப்பிட்டு, நாம் அதில் எத்தனை சதவீதம் என்று பார்க்கலாம். நான் முன்பே சொன்ன 1 மணி 51 நிமிஷத்தையும் (54 வயது), 1 மணி 58 நிமிஷத்தையும் (60 வயது) அந்த அட்டவணையில் போட்டுப் பார்த்தேன். இரண்டும் ஏறக்குறைய ஒரே சதவீதம்! கடிகாரத்தில் ஏழு நிமிஷம் நஷ்டம். அட்டவணையில் நஷ்டமே இல்லை.

எங்கள் வேலையில் இதற்கு ஒப்பான ஒன்று உண்டு. பாதையில் ஓரிடம் பலவீனமாக இருந்தால் ரயிலை நிறுத்திவிடுவதில்லை. 'காஷன் ஆர்டர்' கொடுப்போம். அந்த இடத்தில் மணிக்கு 30 கிலோமீட்டர் என்றால் 30. டிரைவர் அதை அவமானமாக நினைப்பதில்லை. அந்த 30-ஐச் சரியாகக் கடைப்பிடித்து ஓட்டுவதும் திறமைதான். எந்த வேகம் இந்தப் பாதைக்குச் சரியோ அந்த வேகத்தை எட்டினோமா என்பதுதான் கேள்வி.

சுரங்க என்ஜினியரும் பஞ்சாபிப் பெரியவரும்

எட் விட்லாக் என்று ஒருவர். லண்டனில் 1931-ல் பிறந்து கனடாவில் குடியேறிய சுரங்க என்ஜினியர். நம் இனம்! வாலிபத்தில் ஓடி, பிறகு விட்டு, நாற்பது வயதுக்கு மேல் மறுபடி தொடங்கினார். 2003-ல் 72 வயதில் 42 கிலோமீட்டர் மாரத்தானை மூன்று மணிக்குள் முடித்தார். எழுபதைத் தாண்டியவர் யாரும் அதற்கு முன் செய்யாத காரியம். அடுத்த வருஷம், 73 வயதில், 2 மணி 54 நிமிஷம் 48 வினாடி. 2016-ல் 85 வயதில் நாலு மணிக்குள் முடித்தார். 2017-ல் காலமானார்.

அவருடைய பயிற்சி முறைதான் என்னைக் கவர்ந்தது. வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு கல்லறைத் தோட்டம். அதற்குள்ளேயே சுற்றிச் சுற்றி, சில நாள் மூன்று மணி நேரம், மெதுவாக ஓடுவார். கோச் கிடையாது, கூட்டம் கிடையாது. தினசரிப் பயிற்சி தனக்கு இன்பமாக இல்லை, சலிப்பான வேலைதான் என்று அவரே வெளிப்படையாகச் சொன்னவர். பந்தயத்தில் நன்றாக ஓட வேண்டும், அதற்காக இதைச் செய்கிறேன் என்பார். இதைப் படித்தபோது எனக்கு மார்பிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. உலக சாதனையாளருக்கே தினமும் உற்சாகம் பொங்கவில்லை என்றால், எனக்குப் பொங்காததில் குறையொன்றும் இல்லை.

ஃபௌஜா சிங் அவர்களைப் பற்றி நீங்கள் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். ஜலந்தர் பக்கத்து விவசாயி. மனைவியையும் மகனையும் பறிகொடுத்த துக்கத்தில், லண்டனில் இன்னொரு மகன் வீட்டில் இருக்கும்போது ஓட்டத்தைப் பிடித்துக்கொண்டார். 2000-ல் லண்டன் மாரத்தான் ஓடியபோது வயது 89. 2011-ல் டொராண்டோவில் நூறு வயதில் மாரத்தானை முடித்தார். பிறப்புச் சான்றிதழ் இல்லாததால் கின்னஸ் புத்தகம் ஏற்கவில்லை. அதனால் அவர் ஓடியது இல்லையென்று ஆகிவிடாது. 2025 ஜூலையில் சொந்த கிராமத்தருகே சாலையைக் கடக்கும்போது கார் மோதி இறந்தார் என்ற செய்தி வந்த அன்று எங்கள் ஓட்டக்காரர்கள் யாரும் அதிகம் பேசவில்லை.

இவர்கள் மாமேதைகள். நம்மைப் போன்ற சாதாரணர்களுக்கு இவர்கள் கதை இரண்டு நாள் தெம்பு தரும். மூன்றாம் நாள் காலை? அதற்கு வேறு ஏற்பாடு வேண்டும்.

கீமேனுக்கு உற்சாகம் தேவையில்லை

ரயில் பாதையில் கீமேன் என்று ஒரு ஊழியர் உண்டு. தோளில் சுத்தியல், ஸ்பேனர், கொடிகளுடன் தன் பகுதி முழுவதையும் தினம் ஒரு முறை நடந்து பார்ப்பார். கழன்ற சாவியை அடித்து இறுக்குவார். மழை, வெயில், பண்டிகை எதுவும் கணக்கில்லை. "இன்று நடக்க மனசு வருகிறதா?" என்று அவரை யாரும் கேட்டதில்லை, அவரும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை. அவர் நடப்பார் என்று நம்பித்தான் ஆயிரக்கணக்கான பயணிகள் தூங்கிக்கொண்டு போகிறார்கள்.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது இதுதான்: உற்சாகத்தை எதிர்பார்த்துக் காத்திருக்கக் கூடாது. கிழமை, நேரம், இடம் மூன்றையும் முன்னாலேயே முடிவு செய்துவிட வேண்டும். எனக்கு வாரம் நாலு நாள் ஓட்டம். அதில் ஒரு நாள்தான் வேகம். மற்ற மூன்று நாள் பக்கத்தில் வருபவரோடு பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகம். இரண்டு நாள் தசைக்கு வேலை: உட்கார்ந்து எழுதல், படியேறுதல், கொஞ்சம் எடை தூக்குதல். ஒரு நாள் பூரண ஓய்வு. மும்பை மழைக்காலத்தில் சாலை முழங்கால் தண்ணீரானால் எங்கள் கட்டடத்தின் ஏழு மாடிப் படிகள் இருக்கின்றன. எழுந்ததும் யோசனை செய்வதில்லை. ஷூ மாட்டி வாசலைத் தாண்டும் வரை மனதிடம் அபிப்பிராயம் கேட்பதில்லை. பத்து நிமிஷம் ஓடிய பிறகு கேட்டால், பெரும்பாலும் நல்ல பதிலே சொல்கிறது.

பந்தயத் தேதியும் இப்படித்தான். நுழைவுக் கட்டணம் கட்டிவிட்டால் பாதி மனசு வந்துவிடும். கொரோனாவால் 2021-லும் 2022-லும் மும்பை மாரத்தான் நடக்கவில்லை. அந்த இரண்டு வருஷத்தில் ஓட்டத்தை விட்டவர்களை எண்ணிப் பார்த்தால், உடம்பு முடியாமல் விட்டவர்கள் குறைவு. தேதி இல்லாமல் விட்டவர்களே அதிகம்.

பாவின் நோட்டுப் புத்தகம்

ஆனால் தேதியும் அட்டவணையும்கூட ஒரு கட்டத்தில் எனக்குப் போதவில்லை. அதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரை பூர்த்தியாகாது.

மாட்டுங்காவுக்கும் வடாலாவுக்கும் நடுவில் இருக்கும் ஃபைவ் கார்டன்ஸில் 2011-ல் ஒரு நண்பர் கிடைத்தார். மராத்திக்காரர், என்னைவிட ஐந்து வயது மூத்தவர், ஓய்வு பெற்ற தபால்காரர். பரேல், தாதர் வட்டாரத்தில் அவர் ஏறாத மாடிப்படி இல்லை. நான் அவரை 'பாவ்' என்பேன், மராத்தியில் அண்ணன். அவருக்கு நான் 'இன்ஜினியர் சாகேப்'. இங்கே ஒரு சுற்றை நாங்கள் இருவரும் ஒரு ஞாயிறு அதிகாலையில் 30 மீட்டர் ஸ்டீல் டேப் பிடித்து அளந்தோம். மரத்தடியில் கைக்கடிகாரத்து ஜி.பி.எஸ். தடுமாறும், டேப் தடுமாறாது. ஆறு சுற்றும் கொஞ்சமும் சேர்ந்தால் 5 கிலோமீட்டர். மாதத்தின் முதல் ஞாயிறு அங்கே எங்கள் பரீட்சை ஓட்டம்.

ஐந்து வயது வித்தியாசம் இருப்பதால் மாஸ்டர்ஸ் போட்டிகளில் அவரும் நானும் ஒருநாளும் ஒரே பிரிவில் இருந்ததில்லை. என் மெடல் எதையும் அவர் தட்டிப் பறித்ததில்லை. ஆனால் என் பந்தயம் முழுக்க முழுக்க அவரோடுதான். பதினொரு வருஷத்தில் ஒரு முறைகூட அவரை நான் முந்தியதில்லை. பெட்டர் ரோடு ஏற்றத்தில் அவருடைய வெளிறிய நீலத் தொப்பி எனக்கு முன்னால் தெரிந்துகொண்டேயிருக்கும். கசாரா-இகத்புரி மலைப்பாதையில் 37-க்கு 1 ஏற்றம். ரயிலின் பின்னாலிருந்து பாங்கர் என்ஜின்கள் தள்ளும். எனக்கு பாங்கர் முன்னால் இருந்தது, அவ்வளவுதான்.

2022 செப்டம்பரில், தாதர் ரயில் பாலத்துப் படியில் ஏறும்போது பாவுக்கு நெஞ்சில் கனம் தட்டியது. வயது 69. சாதாரண மனிதராயிருந்தால் வாயு என்று சோடா குடித்திருப்பார். 'தினம் ஓடுகிறவனுக்குப் படியில் மூச்சு முட்டலாமா?' என்று அவருக்குச் சந்தேகம் வந்து அன்றே ஆஸ்பத்திரிக்குப் போனார். ஆஞ்சியோபிளாஸ்டி, இரண்டு ஸ்டென்ட். பிழைத்துக்கொண்டார். டாக்டர் நடக்கலாம், பிறகு மெல்ல ஓடலாம், ஆனால் பந்தயம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அடுத்த பிப்ரவரியில் ஒரு மாவட்டப் போட்டியில் என் பிரிவில் 5000 மீட்டரில் முதலாவதாக வந்தேன். வாழ்க்கையில் முதல் தங்க நிற மெடல். வீட்டுக்கு வந்து அலமாரியில் வைத்தேன். அதன் பிறகு மூன்று வாரம் காலை ஐந்து மணிக்கு அலாரம் அடித்ததும் அணைத்துவிட்டுப் படுத்துக்கொண்டேன். உடம்பில் ஒரு கோளாறும் இல்லை. முன்னால் தெரிந்துகொண்டிருந்த தொப்பி இல்லை, அதுதான் விஷயம். பரிசு வாங்குவதற்காக நான் ஓடவில்லை என்பது பரிசு வாங்கிய பிறகுதான் புரிந்தது. இத்தோடு நிறுத்திக்கொள்வதே மரியாதை என்றும் தோன்றியது.

நாலாவது வாரம் பாவ் வீட்டுக்கே வந்துவிட்டார். கையில் பழுப்பு அட்டை போட்ட நோட்டுப் புத்தகம். 51 வயதிலிருந்து 69 வரை அவர் ஓடிய ஒவ்வொரு 5 கிலோமீட்டர் நேரமும், தேதியும், அன்றைய தன் வயதும் அதில் இருந்தன. தபால்காரரின் குண்டு குண்டான கையெழுத்து. 64-ஆம் வயதுப் பக்கத்தைப் புரட்டி என் முன்னால் வைத்தார்.

"இன்ஜினியர் சாகேப், நான் இப்போது ஓடவில்லை. ஆனால் 64 வயதில் நான் ஓடினேன். நீங்கள் இன்றைக்கு 64. வாருங்கள்" என்றார்.

அந்த மார்ச் மாதம் பரீட்சை ஓட்டத்தில் நான் 26 நிமிஷம் 2 வினாடி. 64 வயதில் பாவ் 23 நிமிஷம் 48 வினாடி. வித்தியாசம் 2 நிமிஷம் 14 வினாடி. அன்றிலிருந்து வருஷத்துக்கு ஒரு பக்கம் புரட்டுகிறேன். 65-ல் நான் 26:10, பாவ் 24:15. 66-ல் நான் 26:20, பாவ் 24:41. 67-ல் நான் 26:31, பாவ் 25:05.

என் நேரத்தை மட்டும் பார்த்தால் வருஷம் பத்து வினாடி போல மெதுவாகிக்கொண்டே போகிறேன். வித்தியாசத்தைப் பாருங்கள்: 2 நிமிஷம் 14 வினாடி, 1 நிமிஷம் 55, 1 நிமிஷம் 39, இப்போது 1 நிமிஷம் 26. ஒவ்வொரு வருஷமும் அவரை நெருங்கிக்கொண்டே இருக்கிறேன்! பாவுக்கும் வயதானதே, அவருடைய வேகமும் குறைந்ததே காரணம். அது அவருக்கும் தெரியும். அவர் என்னைவிட வேகமாகச் சரிந்தார், நான் மெதுவாகச் சரிகிறேன் என்று சொல்லிச் சிரிக்கிறார். ஓட்டத்தின்போது பெஞ்சில் உட்கார்ந்து ஒவ்வொரு சுற்றுக்கும் நேரத்தைச் சத்தமாகச் சொல்வதும், முடிந்ததும் எழுதுவதும் அவர் பொறுப்பு. பிறகு இருவரும் மாட்டுங்காவில் இட்லி சாப்பிடுவோம். அவருக்கு வடை கிடையாது, டாக்டர் உத்தரவு.

அவருடைய கணக்கு 69-ஆம் வயதோடு நின்றுவிடுகிறது. எனக்கு இன்னும் இரண்டு பக்கம் இருக்கிறது. அதற்குப் பிறகு புத்தகத்தில் வெற்றுத் தாள்தான். முன்னால் யாரும் இல்லாமல் அங்கே எப்படி ஓடுவேன் என்று கேட்டேன். "நீங்கள் எழுதி வையுங்கள். உங்களுக்குப் பின்னால் எவனாவது வருவான்" என்றார்.

வீட்டாரின் கவலை

இது தனி மனிதனின் விஷயம் மட்டுமல்ல. பாவின் ஸ்டென்ட் செய்தி வந்த அன்று என் மனைவி, "இந்த வயசுல யாருக்குக் காட்டணும்னு இப்படி ஓடுறீங்க?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியில் கோபத்தைவிடப் பயமே அதிகம். அவளைக் கூட்டிக்கொண்டு இருதய டாக்டரிடம் போனேன். அவள் முன்னிலையிலேயே டிரெட்மில் பரிசோதனை. டாக்டர் என்னிடம் பேசியதைவிட அவளிடம்தான் அதிகம் பேசினார். வருஷம் ஒரு முறை பரிசோதனை என்று ஒப்பந்தம். அவள் போட்ட மற்ற நிபந்தனைகள்: ஜுரம், வயிற்றுப்போக்கு இருந்தால் ஓட்டம் இல்லை, அக்டோபர் வெயிலில் ஏழு மணிக்கு மேல் இல்லை, சட்டைப் பையில் பெயர், ரத்த வகை, வீட்டு போன் நம்பர் எழுதிய சீட்டு கட்டாயம்.

சொல்ல வேண்டிய எச்சரிக்கை ஒன்று உண்டு. உழைக்கும்போது நெஞ்சில் கனம், தாடை அல்லது இடது கைக்குப் பரவும் வலி, வழக்கத்துக்கு மாறான மூச்சு வாங்கல், தலைசுற்றல் இவற்றில் எது வந்தாலும் உடனே நிறுத்தி டாக்டரைப் பாருங்கள். ஓடுகிறவருக்கு இருதய நோய் வராது என்பது பொய். புதிதாகத் தொடங்குகிறவர்கள் பரிசோதனை செய்துகொண்டு, முதல் மூன்று மாதம் நடையோடு நிறுத்திக்கொள்வது நலம்.

சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம்

கடைசியாக நம் சங்கத்தின் விளையாட்டு விழாவைப் பற்றி. குழந்தைகளுக்கு 100 மீட்டர், இளைஞர்களுக்குக் கயிறு இழுத்தல், பெண்களுக்குக் கோலம் என்றெல்லாம் வைக்கிறோம். 'மூத்த குடிமக்கள்' என்று வந்ததும் மியூசிகல் சேரும், எலுமிச்சம்பழம் வைத்த ஸ்பூனும்தான். நாற்காலியைச் சுற்றி வருவதற்கா நாற்பது வருஷம் உழைத்தோம்?

அடுத்த விழாவில் அறுபதுக்கு மேற்பட்ட ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஒரு கிலோமீட்டர் வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். ஓட முடிந்தவர் ஓடட்டும், நடக்க முடிந்தவர் நடக்கட்டும். ஐந்தைந்து வயதாகப் பிரிப்போம். ஒருவர் மட்டுமே இருந்தாலும் அந்தப் பிரிவு இருக்கட்டும். பரிசு அவ்வளவு முக்கியமில்லை. சான்றிதழில் பெயருக்குக் கீழே வயதையும் ஓடிய நேரத்தையும் எழுதிக் கொடுத்தால் போதும். முதல் வருஷம் அது வெறும் எண். இரண்டாம் வருஷம் அதே சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு வருவார்கள் பாருங்கள், அப்போது தெரியும்.

பாதையை நான் அளந்து தருகிறேன். நேரம் குறிக்க பாவ் வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். மதியச் சாப்பாட்டில் அவருக்கு ஒரு வடை உண்டா என்று மட்டும் கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டேன்.